திறந்து வச்ச பக்கமெல்லாம் எங்கே போச்சு?



கொட்டாம்பட்டியில் நம் அலுவலகத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். நம் குழு உறுப்பினர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் பாக்கி. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான்.

கணக்காளர் தன் வேலையை ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டரைக் கொடுத்தார். மத்தியானம் முழுக்க அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து தேடினார்கள். விண்ணப்பப் பக்கம் ஒன்று, முதல் பட்டதாரி சான்றிதழ் வந்துவிட்டதா என்று பார்க்கும் இ-சேவைப் பக்கம் ஒன்று, ஒவ்வொரு காலேஜிலும் போன வருஷம் எந்த கட்-ஆஃப் வரைக்கும் சீட் கிடைத்தது என்று தேடி எடுத்த பக்கங்கள் ஆறு, பேங்க் பக்கம் ஒன்று. மொத்தம் 9 பக்கம் திறந்திருந்தது. சாயங்காலம் 4 மணி இருக்கும், கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு தடவை கீச்சென்று கத்தியது, அவ்வளவுதான். அதன் பேட்டரி செத்து எத்தனை மாசமோ, நாங்கள் கவனிக்கவில்லை. அது எங்கள் தப்பு.

கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு தேடும் கட்டம். 9 பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. "ஆத்தாடி, அம்புட்டும் போச்சே! கம்ப்யூட்டர்ல ஏத்துனா அழியாதுன்னு சொன்னீகளே அக்கா?" என்று அந்தத் தாய் கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும், நாங்களே செய்து பார்த்தும் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். கம்ப்யூட்டரில் உட்காரும் கணக்காளர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். செல்போனில் தேடுகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் இரண்டு வார்த்தை. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு பிரௌசர் என்று பெயர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாம் பிரௌசர்தான். ஒரு பிரௌசரில் பல பக்கங்களைத் திறந்தால் மேலே வரிசையாகக் காதுகள் மாதிரி நிற்கும். அதைத்தான் டேப் என்கிறார்கள்.

நம் குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பத்தொன்பது பேர் உட்கார்ந்து பேசுகிறோம். யாருக்குக் கடன், எவ்வளவு, எத்தனை தவணை என்று பேசி முடிவெடுக்கிறோம். பேசும்போது எல்லோர் மனசிலும் இருக்கிறது. ஆனால் தீர்மான நோட்டில் எழுதாமல் எழுந்து போய்விட்டால், அடுத்த வாரம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கும் இப்படி இரண்டு இடம் உண்டு. ஒன்று ராம் என்கிற தற்காலிக நினைவகம். அது கூட்டத்தில் பேசுகிற பேச்சு. கரண்ட் இருக்கும் வரைதான். இன்னொன்று டிஸ்க் என்கிற நிரந்தர சேமிப்பு. அது தீர்மான நோட்டு. கரண்ட் போனாலும் எழுதியது இருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கங்கள் எல்லாம் முதல் இடத்தில்தான் ஓடுகின்றன.

அப்படியானால் சில சமயம் மூடித் திறந்ததும் பழைய பக்கங்கள் அப்படியே வருகிறதே, அது எப்படி? பிரௌசர் இடையிடையே ஒரு பட்டியல் எழுதி டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறது. எந்தெந்த டேப் திறந்திருக்கிறது, எந்த வரிசையில், அதன் முகவரி என்ன என்று. ஃபயர்ஃபாக்ஸ் சாதாரணமாக 15 வினாடிக்கு ஒரு தடவை இதை எழுதுகிறது. மறுபடி திறக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பக் கூப்பிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் முகவரிதான், பக்கம் இல்லை. பக்கத்தை மறுபடி இணையத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டுவிடுகிறோம். இணையப் பெட்டி உயிர் பெற்று லைன் வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் பிரௌசரைத் திறந்தால் டேப்புகள் வந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, "இணைப்பு இல்லை" என்று காட்டும். நாம் என்ன செய்கிறோம்? எல்லாம் போச்சு என்று பதறி ஒவ்வொன்றாக மூடுகிறோம். அப்போதுதான் உண்மையிலேயே போகிறது. லைன் வரும் வரை பொறுத்திருந்து, அந்தப் பக்கத்தைப் புதுப்பிக்கும் வட்ட அம்புக்குறியை அழுத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தப் பட்டியல் எழுதும் வசதியே ஆதியிலிருந்து இருந்ததில்லை. நம் பகுதிக்கு இணையம் வந்த கதையைச் சொன்னால் இது புரியும். 2001ஆம் ஆண்டு நவம்பரில் மேலூர் தாலுகாவில் 'சாரி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். சேலை இல்லை, கிராமத்துக்கு நிலையான இணைய வசதி என்ற பொருள் வரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். ஐ.ஐ.டி. மெட்ராஸ், என்-லோக் நிறுவனம், அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில், ஊருக்குள் ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர் மையம் நடந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப்கேமரா, பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு மையத்துக்குச் சுமார் 50,000 ரூபாய். சாதிச் சான்றிதழுக்கு மேலூர் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்காமல் அங்கிருந்தே மனு அனுப்பினார்கள். கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டதும் நடந்தது. சில வருஷங்களில் அந்த மையங்களில் பல மூடப்பட்டன. ஆனால் கம்ப்யூட்டரை முதன்முதலாகத் தொட்ட நம் பகுதிப் பெண்களில் பலர் அங்கேதான் தொட்டார்கள்.

அந்த லைனின் வேகம் வினாடிக்கு 35 முதல் 70 கிலோபிட். இன்றைக்கு நம் போனில் எடுக்கிற 3 எம்.பி. போட்டோ ஒன்று 35 வேகத்தில் வந்து சேர 11 நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். அப்போது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6இல் டேப் என்பதே கிடையாது; ஒவ்வொரு பக்கமும் ஒரு தனி ஜன்னல். கரண்ட் போனால் அத்தனையும் போச்சு, கேட்பாரில்லை. ஃபயர்ஃபாக்ஸில், 2006 அக்டோபரில் வந்த 2ஆம் பதிப்பில்தான் விட்ட பக்கங்களை மீட்டுத் தரும் வசதி உள்ளேயே கட்டி வந்தது. எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்ததே அந்த மாசம்தான். 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டி எடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் இந்த வசதியின் அருமை தெரிந்திருந்தால் நம் கணக்காளர்கள் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

சரி, இன்றைக்கு எல்லா பிரௌசரிலும் இந்த வசதி இருக்கிறதே, பிறகு ஏன் தவறுகிறது? எங்களுக்குத் தெரிந்தவரை காரணம் ஒன்றல்ல.

நம்மிடம் அதிகம் நடப்பது, அந்த வசதியைப் போடாமலே இருப்பது. பிரௌசரின் அமைப்புப் பகுதியில் 'தொடங்கும்போது' என்று ஒரு இடம் இருக்கும். புதுப் பக்கத்தைத் திறக்கவா, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று அங்கே கேட்கும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் நாமாக மாற்றாதவரை, முறையாக மூடித் திறந்தால் புதுப் பக்கம்தான். அன்றைக்கு நம் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருந்தது. கரண்ட் போய் நின்றிருந்தால் மட்டும், குரோமை மறுபடி திறக்கும்போது "சரியாக மூடவில்லை, பழைய பக்கங்களை மீட்கவா?" என்று ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். நாம் அதைப் பார்ப்பதே இல்லை. ஏதோ விளம்பரம் என்று நினைத்து பெருக்கல் குறியை அழுத்திவிடுகிறோம். அன்றைக்கு அழுத்தியது யார் என்று நாங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது, இரண்டு ஜன்னல் திறந்திருப்பது. ஒரு ஜன்னலில் பத்து டேப், ரசீது பிரிண்ட் எடுக்க இன்னொரு ஜன்னல். பெரியதை முதலில் மூடிவிட்டு, ரசீது ஜன்னலைக் கடைசியாக மூடினால், அடுத்த நாள் ரசீது மட்டும்தான் திரும்ப வரும். கடைசியாக மூடியதைத்தான் அது 'விட்ட இடம்' என்று எடுத்துக்கொள்கிறது. ராத்திரி தானாக அப்டேட் ஆகி கம்ப்யூட்டர் நின்று எழுந்திருப்பதும் உண்டு. காலையில் வந்து பார்த்தால் யாரோ துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே கரண்ட் போனால், பாதி எழுதிய நோட்டு மாதிரி அது படிக்க முடியாமல் போகலாம். இதற்காகத்தான் ஃபயர்ஃபாக்ஸ் பழைய பட்டியலின் நகல் ஒன்றை 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்' என்ற உறைக்குள் வைத்திருக்கிறது. தெரிந்த பையன்களைக் கூப்பிட்டால் அதிலிருந்து எடுத்துத் தருவார்கள். ஆனால் நாம் பதற்றத்தில் நாலு தடவை திறந்து மூடியிருந்தால் புதுப் பட்டியல் பழையதின் மேல் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க் நிரம்பியிருந்தாலும் இதே கதிதான், எழுத இடமில்லை.

ரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு. இன்காக்னிட்டோ என்பார்கள், கறுப்பாக இருக்கும். அதில் திறந்தது எதையும் பிரௌசர் எழுதி வைப்பதில்லை, மூடினால் மீட்க வழியில்லை. சில பிரௌசிங் சென்டர்களில் கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டால் எல்லாமே காலையில் இருந்த மாதிரி ஆகிவிடும்படி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள். அங்கே போய் "என் பக்கம் காணோம்" என்று சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை.

இப்போது ஆறுதலான விஷயத்துக்கு வருவோம். டேப் பட்டியல் ஒரு நோட்டு என்றால், ஹிஸ்டரி என்பது தனி நோட்டு. நாம் போன பக்கம் ஒவ்வொன்றையும், தேடிய தேடல் ஒவ்வொன்றையும் நாள், நேரத்தோடு அது எழுதி வைக்கிறது. டேப் பட்டியல் கெட்டாலும் ஹிஸ்டரி பெரும்பாலும் பிழைத்திருக்கும். கம்ப்யூட்டர் குரோமில் 90 நாள் வரை இருக்கும். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு 'எச்' எழுத்தைத் தட்டினால் அந்த நோட்டு திறக்கும். அதிலேயே தேடவும் முடியும். காலேஜ் பெயர் ஒன்றை அடித்தால் அந்தப் பெயர் வந்த பக்கங்கள் மட்டும் நிற்கும்.

இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 'டீ' எழுத்தைத் தட்டினால் (டீக்கடை டீ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்) கடைசியாக மூடிய டேப் திரும்ப வரும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தியது. தவறி மூடிய முழு ஜன்னலும் இப்படியே வரும். இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்த நாளில் நம் கணக்காளர் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார்.

ஆனால் எல்லாமே திரும்ப வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பாரத்தில் அடித்துக்கொண்டிருந்த பெயர், மார்க், வருமானம் இதெல்லாம் 'சேமி' பட்டனை அழுத்தும் வரை அந்தப் பக்கத்தோடு நிற்கிறது. பக்கம் வந்தாலும் கட்டங்கள் வெறுமையாக வரலாம். அரசுத் தளத்துக்குள் இருக்கும் தேடும் கட்டத்தில் தேடி எடுத்த பதிலும் அப்படித்தான். பல தளங்களில் முகவரி மாறாது, அதனால் மீட்டால் தேடலின் முதல் பக்கம்தான் வரும். பேங்க் பக்கமோ திரும்பவே வராது, வரவும் கூடாது. கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தாலே வெளியே தள்ளிவிடும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

பணம் கட்டுகிற நேரத்தில் கரண்ட் போனால்தான் நம் பெண்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ரசீது பக்கம் வரவில்லையே என்று உடனே இரண்டாம் தடவை கட்டிவிடாதீர்கள். பேங்கிலிருந்து பணம் எடுத்ததாக மெசேஜ் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு விண்ணப்ப எண்ணைப் போட்டு அந்தத் தளத்திலேயே நிலை என்ன என்று பாருங்கள். பேங்கில் எடுத்து, தளத்தில் ஏறாமல் நிற்கிற பணம் பெரும்பாலும் சில நாட்களில் கணக்குக்கே திரும்பும். திரும்பாவிட்டால் மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண்ணோடு பேங்கில் எழுதிக் கொடுங்கள். எண் இல்லாமல் போனால் தேடுவது கஷ்டம்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி நல்லதுதானே, எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது டேப்பை மட்டும் கொண்டுவருவதில்லை. பல தளங்களில் நீங்கள் உள்ளே நுழைந்திருந்த நிலையையும் சேர்த்தே கொண்டுவரும். இ-சேவை மையத்திலோ, பிரௌசிங் சென்டரிலோ, நாலு பேர் உட்காரும் நம் அலுவலகத்திலோ நீங்கள் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, பிரௌசரை மூடினால் போதும் என்று கிளம்பிவிடுகிறீர்கள். அடுத்து உட்காருபவர் திறந்ததும் உங்கள் மெயில் வந்து நிற்கும். உங்கள் தேடலும் நிற்கும். கர்ப்பப்பைக் கட்டி பற்றித் தேடியதும், நகைக்கடன் வட்டி தேடியதும், குடிக்கிற புருஷனைச் சேர்க்க மறுவாழ்வு மையம் தேடியதும் ஊருக்குத் தெரிய வேண்டுமா? பொதுக் கம்ப்யூட்டரில் மீட்காமல் போவதே நமக்குப் பாதுகாப்பு. அங்கே ரகசியப் பக்கத்தில் வேலை செய்யுங்கள், முடித்ததும் 'வெளியேறு' பட்டனை அழுத்திவிட்டு மூடுங்கள். நம் அலுவலகத்தில் இப்போது கணக்காளரின் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த வசதி இருக்கிறது. உறுப்பினர்கள் உட்காரும் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டோம்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். போனில் ஒரு பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது போட்டோ எடுக்க கேமராவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், பாரம் காலியாக இருக்கிறது என்று பலர் சொல்கிறீர்கள். விலை குறைந்த போனில் ராம் குறைவு. கேமரா பெரிய ஆளாக வந்து உட்காரும்போது, பின்னால் இருந்த பிரௌசரை போன் எழுப்பிவிட்டுவிடுகிறது. அதனால் ஆதார், ரேஷன் கார்டு, மார்க் சீட் எல்லாவற்றையும் முதலிலேயே படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு பாரத்தைத் திறங்கள். ஃபேஸ்புக்கில் வந்த செய்தியைத் தொட்டுத் திறந்த பக்கம் குரோமின் ஹிஸ்டரியில் இருக்காது. அது ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறந்த பக்கம். போனில் இடம் நிரம்பி "சேமிப்பிடம் இல்லை" என்று காட்டினால் காலை வணக்கம் படங்களை முதலில் அழியுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மை அதுதான்.

இனி, அன்றைக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறோம். ஹிஸ்டரி என்ற ஒன்று இருப்பதைப் பக்கத்துக் கடைப் பையன் வந்து காட்டினான். கட்-ஆஃப் பக்கங்கள் ஆறில் ஐந்து கிடைத்தன. விண்ணப்பத்தை முதலிலிருந்து அடிக்க வேண்டி வந்தது. முதல் பட்டதாரி சான்றிதழுக்கான விண்ணப்ப எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை. அதுதான் பெரிய சிக்கல். அப்பா போனில் வந்த பழைய மெசேஜில் அது இருந்தது. அவர் தேங்காய் லோடோடு திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். வண்டியை ஓரம் கட்டி எண்ணைப் படிக்க, மகள் இங்கே எழுத, அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னார். ராத்திரி 8 மணி தாண்டி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கடைசி பஸ் போய்விட்டதால் கணக்காளர் தன் ஸ்கூட்டியில் இரண்டு பேரையும் ஊரில் விட்டுவிட்டு வந்தார்.

மறு வாரமே யு.பி.எஸ். பேட்டரியை மாற்றினோம். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டு நூல் கட்டித் தொங்குகிறது. யார் வந்து எந்த விண்ணப்பம் போட்டாலும் முதலில் அதில் தேதி, விண்ணப்ப எண், இ-சேவையில் கொடுத்த கேன் எண் மூன்றையும் எழுத வேண்டும். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் அதில் எழுதக் கூடாது. நிறையப் பக்கம் திறந்திருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட்டோடு டெல்லிக்குப் போடும் 'டி'யைத் தட்டச் சொல்கிறோம். திறந்திருக்கும் எல்லா டேப்பும் ஒரே உறையில் குறித்து வைக்கப்படும், கரண்ட் போனாலும் அழியாது. நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் விண்ணப்ப எண்தான் இருக்கிறது. நடந்தது முடிந்த பிறகு, தன் கையாலேயே எழுதிவிட்டுப் போனாள்.